கேட்டுக் கண்ட ஆட்டங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையில் கோடைக் காலத்தில் பயணம் செய்தவர்கள் அந்த நிலத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். இருபுறமும் வெடித்துக் கிடக்கும் கரிசல், இடையிடையே சீமைக்கருவேல், மழைக்கு வாய் திறந்து காத்திருக்கும் கண்மாய்கள். ரமண முனிவர் பிறந்த ஊர் என்று திருச்சுழியை உலகம் அறியும். குண்டாற்றில் தண்ணீர் பார்ப்பதற்கு ஆண்டில் சில நாள்களே வாய்க்கும் என்பதை அங்குள்ளவர்களே அறிவார்கள். எங்களுக்கு விளையாட்டு மைதானம் என்று தனியே ஒன்று இருந்ததில்லை. நீர் வற்றிய கண்மாயின் உள்வாயே மைதானம். மழை பெய்தால் ஆட்டம் இல்லை. மழை பெய்யவேண்டும் என்று வேண்டாத ஆட்டக்காரனும் இல்லை.

இப்படிப்பட்ட நாட்டில் பிறந்த நான் விளையாட்டு ஒலிபரப்பின் வரலாற்றைப் பேச எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பெரிய ஆட்டம் ஒன்றையேனும் நேரில் காண வழியற்றவனே வர்ணனையின் அருமையை நன்கு அறிவான் என்பது என் துணிபு. அரங்கில் அமர்ந்திருப்பவனுக்கு வர்ணனையாளர் எதற்கு?

இக்கலை தொடங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1921-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர வானொலி நிலையம் ஒரு குத்துச்சண்டையை ஒலிபரப்பியது. விளையாட்டு நிகழும்போதே அதனைச் சொற்களால் காற்றில் அனுப்பிய முதல் முயற்சிகளுள் அது ஒன்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1927 சனவரி 15 அன்று, இங்கிலாந்தும் வேல்ஸும் ஆடிய ரக்பி ஆட்டத்தை பி.பி.சி. ஒலிபரப்பியது. வர்ணனை செய்த வேக்லம் என்பவர் முன்னாள் ஆட்டக்காரர். ஒலிவாங்கியின்முன் பேசிப் பழகாதவர். அவர் அருகில் பார்வையற்ற ஒருவரை அமர்த்தி, “இவருக்குச் சொல்வதாக எண்ணிக்கொண்டு பேசுங்கள்” என்று ஏற்பாடு செய்தார்களாம். மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்த படம் ஒன்றையும் அந்நிலையத்தின் இதழில் அச்சிட்டார்கள். பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்னொரு குரல் இடையிடையே எண்ணைச் சொல்லும். வீட்டில் இருப்பவர் படத்தில் விரலை வைத்துப் பந்தைத் தொடர்ந்தார்.

அந்தப் பார்வையற்றவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. வர்ணனை எங்கே சிறந்தது, எங்கே சரிந்தது என்று அளக்க அவரைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் முப்பதுகளில் பம்பாயில் தல்யார்கான் என்ற பார்சிப் பெரியவர் கிரிக்கெட் வர்ணனையைத் தொடங்கிவைத்தார். பொழுது முழுவதும் தாம் ஒருவரே பேசுவார். ஒலிவாங்கியைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள மறுத்தவர். மொழி ஆங்கிலம். தென்னாட்டில் சென்னை வானொலி நிலையம் 1938 சூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. எங்கள் பக்கத்தில் திருச்சி கேட்கும். இலங்கை அதனினும் தெளிவாகக் கேட்கும். 1963 டிசம்பரில் திருநெல்வேலி நிலையமும் வந்து சேர்ந்தது. ஆயினும், ஊராட்சி மன்றத்து வானொலிப் பெட்டியின்முன் மாலையில் கூடியவர்கள் கேட்டது செய்தியும் பாட்டும் வேளாண்மைக் குறிப்பும்தான்.

1952 பிப்ரவரி 10 அன்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இடம் நம் சென்னைச் சேப்பாக்கம். வினூ மங்கட் பன்னிரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தார். இங்கிலாந்து ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் பின்தங்கித் தோற்றது. தமிழ் மண்ணில் நிகழ்ந்த அந்த வெற்றியை, ஆடும்போதே தமிழில் கேட்டறிய அன்று வழி இல்லை. வானொலியின் கிரிக்கெட் வர்ணனை ஆங்கிலத்தில்தான் இருந்தது.

என் தாய்மாமன் அருப்புக்கோட்டையில் குழித்தறி நெய்தவர். விடியலில் தெருவில் பாவு விரித்துப் பசையிட்டு, வெயில் ஏறுமுன் தறிக்குழியில் இறங்கினால் விளக்கு வைக்கும்வரை எழமாட்டார். தலைக்கு மேலே சுவரில் ஒரு பெட்டி. அதற்கு அஞ்சல் நிலையத்தில் உரிமம் வாங்கிய புத்தகத்தை நிலப்பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தார். பள்ளியில் அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆயினும் பொங்கலை ஒட்டிச் சென்னையில் டெஸ்ட் ஆட்டம் நடக்கும் நாள்களில் ஆங்கில வர்ணனையை விடாமல் கேட்பார். சொற்கள் விளங்காது, குரல் விளங்கும். நாடா ஓடும் ஓசைக்கு மேலே அந்தக் குரல் உயர்ந்தால் மிதியை நிறுத்திவிடுவார். கூட்டத்தின் ஆரவாரம் நீண்டால் நம்மவர் அடித்த நான்கு. சட்டென்று அடங்கினால் நம்மவர் ஒருவர் போய்விட்டார். இவ்வளவுதான் அவருடைய அகராதி. தெருமுனைத் தையற்கடைக்காரர் ஆங்கிலம் அறிந்தவர்; மதிய உணவுக்குப்பின் வந்து, அதுவரை நடந்ததைத் தமிழில் விளக்கிப் போவார். அந்தத் தையற்காரரை அருப்புக்கோட்டையின் முதல் தமிழ் வர்ணனையாளர் என்று நான் சொன்னால் மறுப்பார் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வானொலியே தமிழில் வர்ணனை சொல்லத் தொடங்கியபோது என் மாமா பெற்ற மகிழ்ச்சியை நான் அருகிருந்து கண்டவன். 1980-ஆம் ஆண்டு தமிழ்நாடும் கேரளமும் ஆடிய ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தைத் தமிழில் வர்ணித்தார் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். அவரும் வறண்ட நிலத்துக்காரரே. எங்களுடையது கரிசல், அவருடையது தேரிச் செம்மணலை அடுத்த ஊர். வானொலி நாடகங்களில் நடித்துப் பழகிய குரல் அவருடையது. வானொலி அண்ணா என்று சிறுவர்கள் அறிந்திருந்த கூத்தபிரானும் இத்துறையில் புகழ் பெற்றார். இருவரும் நாடகத்தில் தேர்ந்தவர்கள் என்பது தற்செயல் அன்று. மேடையைக் காணாத நேயருக்கு, கதவு திறப்பதையும் ஒருவர் உள்ளே வருவதையும் சொல்லாலேயே காட்டவேண்டிய தொழில் வானொலி நாடகம். அந்தப் பயிற்சி பந்தையும் மட்டையையும் சொல்லுக்குள் கொண்டுவரக் கைகொடுத்தது.

சொற்களைத் தேடுவதில் அவர்கள் பட்ட பாட்டையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஓட்டம், மட்டையாளர், பந்து வீச்சாளர் போன்றவை எளிதில் ஏறிக்கொண்டன. இடுக்கண் எல்லாம் நேரத்தில்தான். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே கிடைப்பது அரை நிமிடம். அதற்குள் வீசியவர், அடித்தவர், பந்து சென்ற திசை, தடுத்தவர், ஓட்டக் கணக்கு அத்தனையும் சொல்லியாகவேண்டும். எல்.பி.டபிள்யூ. என்பதை முழுத் தமிழில் விரித்துரைக்கப் புகுந்தால் அடுத்த ஆட்டக்காரர் வந்து அவரும் வெளியேறிவிடுவார். தூய்மைக்காக நேரத்தை இழக்காமலும், நேரத்துக்காகத் தமிழைக் கைவிடாமலும் நடந்த அந்த வர்ணனைகள், நம் உரைநடை வரலாற்றில் சேர்த்து எண்ணத்தக்கவை. புலவர்கள் இதுவரை அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை.

என் மாமாவின் குறை ஒன்றே ஒன்று. “மாப்பிள்ளை, யார் அடிச்சான்னு சொல்றவன் எல்லாம் சொல்றான், பந்து எங்கே போச்சுன்னு சொல்றவன்தான் நமக்கு வேணும்” என்பார். முன்னர்ச் சொன்ன பார்வையற்ற அன்பர் வேக்லமிடம் எதிர்பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்தப் படம் எங்கள் கரிசலை எட்டுவதற்குள் மேலும் பல ஆண்டுகள் சென்றன. படம் வந்தபின் பந்து செல்லும் திசையைச் சொல்லவேண்டிய தேவை ஒழிந்தது. ஒழிந்த இடத்தை வேறு பேச்சு நிரப்பியது: வர்ணனையாளர் தம் இளமையில் ஆடிய ஆட்டங்கள், நண்பர்களைப் பற்றிய வேடிக்கை, இடையே விளம்பரம். காட்சியின் தரம் ஆண்டுதோறும் உயர்ந்தது என்பதை மறுக்கமாட்டேன்; பந்தின் தையல் சுழல்வதைக்கூட இன்று காண்கிறோம். பேச்சின் தரம் அதே அளவில் உயர்ந்தது என்று சொல்ல என் நா எழவில்லை.

சட்டத்தின் வரலாறும் இதில் உண்டு. வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் ஒளிபரப்பு வழக்கில் 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அவை அரசின் தனியுரிமையும் அல்ல, தனியாரின் தனியுரிமையும் அல்ல. 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், நாட்டுச் சிறப்புடையவை என்று அறிவிக்கப்படும் போட்டிகளின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிரவேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. கட்டணம் செலுத்த இயலாத வீட்டுக்கும் ஆட்டம் போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் கருத்து.

அக்காலத்தில் முதுமையடைந்திருந்த என் மாமா தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டு, வானொலியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். செயற்கைக்கோள் வழியே சுற்றி வரும் படம் சில நொடிகள் பிந்தும். வானொலிக் குரல் முந்திவிடும். வீசுபவர் ஓடி வரும்போதே “போயிட்டான்” என்பார். திரையில் அதன்பின்னரே விக்கெட் விழும். பேரப்பிள்ளைகள் அவரைச் சோதிடம் அறிந்தவர் என்றே நம்பியிருந்தார்கள். அவரும் அந்த நம்பிக்கையைக் கலைக்கவில்லை.

கிரிக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எங்கள் ஊரார் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அந்நிலத்தின் ஆட்டம் சடுகுடு. 1990-இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டு இந்தியா தங்கம் பெற்றது. 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். மறு ஆண்டு அர்ஜுனா விருதும் பெற்றார். ஆனால் கபடி வானொலிக்கு எளிதில் அடங்குவதில்லை. பாடிச் செல்பவர் ஒருவர், மறிப்பவர் எழுவர், ஒரு மூச்சில் எல்லாம் முடிந்துபோகும். நாவு எவ்வளவு விரைந்தாலும் கால் அதனை முந்திவிடும். எனவே அது தொலைக்காட்சிக்காகக் காத்திருந்தது. 2014 சூலைத் திங்களில் புரோ கபடிப் போட்டிகள் தொடங்கின. 2017-இல் தமிழ்த் தலைவாஸ் அணி சேர்ந்தது. மண்தரைக்குப் பதில் விரிப்பும், முப்பது நொடிக் கெடுவும் வீடுதோறும் பழக்கமாயின. ஒளிபரப்பின் தேவை ஆட்டத்தின் முகத்தையே மாற்றியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெரிய நிலையங்கள் திரும்பிப் பாராத ஆட்டங்களின் கதி என்ன? இங்கே அமெரிக்காவின் டிஸ்க் கால்ஃப் என்னும் விளையாட்டை நினைவுகூர்கிறேன். பறக்கும் தட்டை வீசி, சங்கிலிகள் தொங்கும் கூடையில் விழச்செய்யும் ஆட்டம் அது. எட் ஹெட்ரிக் என்பவர் 1975-இல் கலிபோர்னியாவில் அதற்கென முதல் களத்தை அமைத்தார். மறு ஆண்டு சங்கமும் தோன்றியது. ஆயினும் நெடுங்காலம் தொலைக்காட்சி அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆட்டத்தில் பற்றுடையவர்களே ஒளிப்படக் கருவிகளைத் தோளில் சுமந்து காட்டு வழியில் ஆட்டக்காரர்களின் பின்னே நடந்தார்கள். ஒருவர் வீசும் இடத்தில் நிற்பார். மற்றொருவர் தட்டு வந்து விழும் இடத்தில் காத்திருப்பார். இரவோடிரவாகப் படத்தைத் தொகுத்து, ஆட்டக்காரர்களையே வர்ணனை சொல்லவைத்து, மறுநாள் இணையத்தில் வெளியிட்டார்கள். ஜோமெஸ்புரோ என்ற குழு இதில் பெயர் பெற்றது. 2020-இல் அவ்விளையாட்டுக்கெனச் சந்தா செலுத்திக் காணும் நேரடி ஒளிபரப்பே தொடங்கிவிட்டது. 2021 சூனில் ஆக்டன் நகரில் நடந்த உலகப் போட்டியின் கடைசிக் குறியில் ஜேம்ஸ் கான்ராட் ஏறத்தாழ 250 அடித் தொலைவிலிருந்து வீசிய தட்டு கூடைக்குள் விழுந்தபோது, அதுவரை முகம் திருப்பியிருந்த பெரிய நிலையங்களும் அப்படத்தைக் கேட்டு வாங்கி ஒளிபரப்பின. அங்கே நேரடிப் படத்தைவிட மறுநாள் வந்த தொகுப்பே தரத்தில் மேம்பட்டிருந்தது என்று பலர் கருதியதுண்டு. விரைவும் செம்மையும் ஒரே வண்டியில் பூட்டப்படும் மாடுகள் அல்ல போலும்.

எங்கள் ஊர்களிலும் இன்று இதுவே நடக்கிறது. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நடக்கும் கபடிப் போட்டியை, மூங்கிலில் கட்டிய கைப்பேசி ஒன்று உலகெங்கும் காட்டுகிறது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலைசெய்யும் எங்கள் பிள்ளைகள் அங்கிருந்தே காண்கிறார்கள். வர்ணனை சொல்பவர், பழைய ஒலிபெருக்கிக் காலத்திலிருந்தே அத்தொழிலில் இருப்பவர். எதிரே நிற்கும் கூட்டத்துக்கே பேசிப் பழகியவர். எனவே ஆட்டத்தைச் சொல்லமாட்டார்; கிடாப் பரிசு கொடுத்தவர் பெயரைச் சொல்வார், தண்ணீர்க் குடம் கேட்பார், காணாமற்போன குழந்தையை அறிவிப்பார், தோற்கும் அணியைக் கேலி செய்வார்.

சென்ற பொங்கலில் திருச்சுழிக்கு அருகே அத்தகைய ஆட்டம் ஒன்றைக் கண்டேன். மாலை நேரம், மின்விளக்கு மங்கல், எழுவரும் ஒருவர்மேல் பாய்ந்ததில் எழுந்த தூசியில் ஒன்றும் தெரியவில்லை. கைப்பேசியைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞன் ஓடிவந்து, அயல்நாட்டிலிருந்து வந்த செய்தியை அவரிடம் காட்டினான். “அண்ணே, இங்கே தூசிதான் தெரியுது. கோட்டைத் தொட்டானா இல்லையா, சொல்லுங்க” என்று எழுதியிருந்தது. அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு ஒலிவாங்கியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, மண்ணில் கிடந்தவனின் வலக்கைக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே எத்தனை விரற்கடை இடைவெளி என்று குனிந்து பார்த்துச் சொன்னார்.