வல்லாரையும் வெல்லாரினும்

பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் 1823-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியையும், அதன் வழிவந்த ஜிப்மர் நிறுவனத்தையும் மையமாக வைத்தே எழுதப்பட்டு வருகிறது. அதே நகரில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வரப்போரத்தில் படரும் வல்லாரைக்குள் தொழுநோயைத் தீர்க்கும் பொருள் ஏதேனும் இருக்கிறதா என்று தேடிய ஆய்வு அவ்வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. தமிழ் வைத்தியத்தின் சரக்கு ஒன்றை ஐரோப்பிய வேதியியல் எப்படி அணுகியது, எதைப் பிடித்தது, எதைக் கைநழுவ விட்டது என்பதை அறிய இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இத்தேடலுக்கு நகரில் முன்தடம் இருந்தது. 1816-இல் புதுச்சேரிக்கு வந்த தாவரவியலாளர் லெஷெனோ தெ லா தூர், அதற்கு முன்பே சாவகத் தீவிலிருந்து அம்பு முனையில் தடவும் உபாஸ் நஞ்சைப் பாரிசுக்குக் கொண்டுசென்றிருந்தார். 1809-இல் மஜாந்தியும் தெலீலும் அந்நஞ்சை விலங்குகளுக்குச் செலுத்தி, அது தண்டுவடத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்குவதைக் காட்டினர். 1818-இல் பெல்த்தியேவும் கவாந்துவும் அந்நஞ்சைத் தரும் செடியின் பேரினத்தையே சேர்ந்த செடிகளிலிருந்து ஸ்ட்ரிக்னின் என்னும் காரப்பொருளைப் பிரித்தெடுத்தனர். நம்மூர் எட்டியும் அப்பேரினத்தைச் சேர்ந்ததே; நஞ்சு என்று தெரிந்தே அதைச் சுத்தி செய்து, அதாவது நச்சுத்தன்மை தணியும்படி உரிய முறையில் பக்குவப்படுத்தி, மருந்தில் சேர்ப்பது சித்த வைத்தியர்களின் வழக்கம். 1820-இல் குயினினும் பிரிக்கப்பட்டபின், ஒவ்வொரு மூலிகையின் குணத்துக்கும் காரணமான தனிப்பொருள் ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கும், அதைப் பிரித்தெடுப்பதே மருந்தாளுநரின் கடமை என்னும் நம்பிக்கை பிரான்சில் வேரூன்றியது. 1826-இல் புதுச்சேரியில் அமைந்த தாவரவியல் பூங்காவும், பின்னாளில் அதன் பொறுப்பை ஏற்று 1870-இல் இந்நகரிலேயே காலமான பெரொத்தேயும் வெளிநாட்டுச் செடிகளை இம்மண்ணுக்குப் பழக்குவதில் முனைந்திருந்தபோது, உள்ளூர்ச் செடிகளின் வேதியியலைக் கடற்படை மருந்தாளுநர்கள் கையிலெடுத்தனர்.

அவர்களில் ஒருவரான ழூல் லெப்பீன், வல்லாரையைப் பற்றிய தமது ஆய்வை 1855-இல் பிரெஞ்சு மருந்தியல் இதழில் வெளியிட்டார். உலர்த்திய செடியிலிருந்து ஆவியாகாத எண்ணெய் போன்ற பொருள் ஒன்றைப் பிரித்ததாகவும், பச்சை வல்லாரையின் மணமும் சுவையும் அதில் இருந்ததாகவும், உலர்ந்த செடியின் எடையில் 0.8 முதல் 1 சதவீதம் வரை அது கிடைத்ததாகவும் தெரிவித்து, அதற்கு ‘வெல்லாரின்’ என்று பெயரிட்டார். பிரெஞ்சு வேதியியலின் பொருட்பட்டியலில் ஒரு தமிழ்க் கீரையின் பெயர் அவ்வாறு ஏறியது.

இலை அதற்கு முன்பே ஐரோப்பிய நூல்களுக்குள் நுழைந்துவிட்டது. டச்சு அதிகாரி ரீட் தொகுத்த மலபார்த் தாவர நூலில் அது உண்டு. 1753-இல் லின்னேயஸ் அதற்கு ‘ஹைட்ரோகாட்டில் ஏசியாட்டிகா’ என்று பெயரிட்டார். ‘சென்டெல்லா’ என்ற இன்றைய பேரினப் பெயர் 1879-இல் உர்பன் சேர்த்தது. ஆயினும் இலையை மக்கள் எப்படிப் பயன்படுத்தினர் என்பதைக் கூர்ந்து பதிந்தவர் சென்னை மாகாண மருத்துவர் ஒயிட்லா ஐன்ஸ்லியே. வறுத்த வல்லாரையை வெந்தயத்தோடு சேர்த்து ஊறவைத்த நீரைக் குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கும் சுரத்துக்கும் தமிழ் வைத்தியர் தந்ததையும், அடிபட்ட இடத்தில் இலையை வைத்துக் கட்டியதையும் அவர் எழுதினார். இந்தச் சிறு குறிப்பில் செடியோடு சேர்க்கும் துணைச்சரக்கு, பக்குவம், நோயாளியின் வயது ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன. வேதியியல் கூடத்துக்குச் சென்ற வல்லாரையோடு இவற்றுள் ஒன்றும் செல்லவில்லை.

தொழுநோயில் வல்லாரை வியக்கத்தக்க பலன் தருகிறது என்று 1852-இல் மொரீசியசிலிருந்து அறிவித்தவர் மருத்துவர் புவாலோ. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்குக் கப்பல்கள் ஓடிய காலம் அது. தொழுநோய்க் கிருமியை ஹான்சன் கண்டது 1873-இல்தான். காரணமே தெரியாத நோய்க்கு இலை ஒன்று மருந்தாகும் என்ற செய்தி எத்தகைய ஆவலை எழுப்பியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சென்னையில் ஹன்டர் என்னும் மருத்துவர் 1855-இல் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, நோயின் துன்பங்கள் சற்றுத் தணிகின்றன, உடல்நலம் தேறுகிறது, ஆனால் நோயை வேரறுக்கும் மருந்து என்று இதைக் கொள்ள முடியாது என்ற முடிவுக்கு வந்தார். அளந்து சொன்ன அந்த முடிவு, 1868-இல் வாரிங் பதிப்பித்த இந்திய மருந்து நூலில் வல்லாரை இடம்பெறுவதற்குத் தடையாகவில்லை.

லெப்பீனின் பொருளுக்குத்தான் கடும் சோதனை வந்தது. மருந்துச்சரக்குகளின் வரலாற்றைத் துருவி ஆராய்ந்து 1874-இல் பெருநூல் வெளியிட்ட ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும், மூன்று அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 85 கிராம் உலர்ந்த வல்லாரையைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாறு இறக்கினர். அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெந்நீரில் கரைந்துவிடும் பச்சைச் சாறு. துவர்ப்புப் பொருளான டானிக் அமிலமே அதில் மிகுந்திருந்தது, வெல்லாரினைப் போன்ற எதுவும் இல்லை. லெப்பீன் கூறிய குணங்களை வைத்துப் பார்த்தால் வெல்லாரினை வேதியியல் அறிந்த எந்த வகுப்பிலும் அடக்க முடியவில்லை என்றும் அவர்கள் எழுதினர்.

லெப்பீன் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் கொள்வது நியாயமன்று. வல்லாரையைக் காயவைத்தால் அதன் மணமும் சுவையும் பெரும்பாலும் போய்விடும் என்பது கீரை ஆய்ந்த எவருக்கும் தெரியும். வரப்பில் பறித்து அங்கேயே உலர்த்திய செடியை வைத்து வேலை செய்தவருக்கும், கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்த சருகைக் கையாண்டவருக்கும் ஒரே பொருள் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடையாளக் குழப்பம் வேறு உண்டு. வட இந்தியாவில் பிராமி என்ற பெயர் வல்லாரைக்கும், அதனோடு உறவே இல்லாத நீர்ப்பிரமிக்கும் பொதுவாக வழங்குகிறது. ஆய்வுக்கு எடுத்த செடியின் பூவும் இலையுமுள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, பறித்த இடமும் நாளும் எழுதி உலர்தாவரத் தொகுப்பில் வைப்பது இன்று விதியாக இருப்பது இதனால்தான்.

வல்லாரையின் வேதியியல் தெளிந்தது மற்றொரு பிரெஞ்சுக் குடியேற்றமான மடகாஸ்கரின் செடியைக் கொண்டு. 1940-களின் தொடக்கத்தில் போந்தேம் அதிலிருந்து ஏசியாட்டிகோசைடு என்னும் பொருளைப் பிரித்தார். சர்க்கரை மூலக்கூறுகள் பிணைந்த வெண்ணிறப் படிகமான அது, லெப்பீன் வருணித்த எண்ணெயோடு எவ்வகையிலும் ஒத்துப்போகவில்லை. புவாத்தோவும் மலகாசி அறிஞர் ரட்சிமாமங்காவும் அதைத் தொழுநோயிலும் காசநோயிலும் சோதிக்க முற்பட்டனர்; ஆனால் அதே பத்தாண்டில் டாப்சோன் முதலிய சல்ஃபோன் மருந்துகள் வந்து தொழுநோய்ச் சிகிச்சையை மாற்றிவிட்டன. வல்லாரைக்கு எஞ்சியது புண் ஆற்றும் பணி. ஏசியாட்டிகோசைடு 40 சதவீதமும் இரண்டு அமிலங்கள் 60 சதவீதமும் கொண்ட சாறு ‘மடகாசோல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இவை தோலின் நார்த்திசு உயிரணுக்களைத் தூண்டிக் கொலாஜன் என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றன என்று 1990-இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகர ஆய்வாளர்கள் சோதனைக்குழாயில் காட்டினர். அடிபட்ட இடத்தில் இலையைக் கட்டியதாக ஐன்ஸ்லி குறித்த தமிழ் வைத்தியர் காட்டிய திசையும் இதற்கு அண்மையானதே. தொழுநோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை உதிர்ந்துபோக, ஊரார் கண்ட பயன் ஆய்வுக்கூடத்தில் ஓரளவு நிலைத்தது.

வெல்லாரின் தோற்றாலும் லெப்பீனின் முயற்சி மதிப்பிழக்கவில்லை. பிரித்த பொருளின் குணங்களையும் கிடைத்த அளவையும் அவர் அச்சிட்டு வைத்ததனாலேயே பிறர் அதைச் சரிபார்த்து மறுக்க முடிந்தது. மறுக்கக்கூட இடம் தராத புகழுரைகள் மூலிகை நூல்களில் இன்றும் மலிந்திருக்கின்றன.

புதுச்சேரியில் இன்று செடி ஆய்வுக்கும் சுவடி ஆய்வுக்கும் இடம் உண்டு. 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பும் ஓலைச்சுவடிகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அதை நிறுவிய ழான் ஃபிலியோசா மருத்துவராகப் பயின்று இந்திய மருத்துவ வரலாறு எழுதியவர். மத்திய சித்த மருத்துவ ஆய்வுக் கழகத்தின் வட்டார நிறுவனமும் இந்நகரில் இயங்குகிறது. கடற்படை மருந்தாளுநர்களின் ஆய்வுகளோ பிரெஞ்சு இதழ்களில் பிரெஞ்சு மொழியிலேயே கிடக்கின்றன. பிரெஞ்சும் தமிழும் ஒருங்கே அறிந்தவர்கள் இன்னும் இருக்கும் ஊர் இது; அவர்கள் சித்த மருத்துவர்களோடு அமர்ந்து அக்கட்டுரைகளைத் தமிழாக்கும் பணியை, தலைமுறை மாறுவதற்குள் தொடங்க வேண்டும்.