தூரமா, கிட்டவா?

திருவண்ணாமலையில் பெரிய கோயிலுக்கு நேர் பின்னால், மலையின் மறுபுறத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. கிரிவலம் வருகிறவர்கள் கால் கடுக்க நடந்து வந்து, இங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இது என்பார்கள். அவருக்கு ஒரு சிறு கோயிலும் உண்டு.

சென்ற மாதம் ஒரு மாலை நேரத்தில் அந்தக் கோயில் அருகே உட்கார்ந்திருந்தேன். என் வலது கண்ணில் புரை உரித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மேற்கு வெயில் மலை மீது விழுந்துகொண்டிருந்தது. அடடா, என்ன தெளிவு! ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரிந்தது. பரவசத்தோடு பையிலிருந்த திருவாசகத்தை எடுத்துப் பிரித்தேன். எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டமாகக் கலைந்து ஓடிற்று!

பன்னிரண்டு வயதிலிருந்து நான் கிட்டப் பார்வைக்காரன். தெருவில் நடக்கக் கண்ணாடி வேண்டும். ஆனால் இரவில் படுத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாவல் படிப்பேன். அந்தச் சுகத்தை என் வாயாலேயே தொலைத்திருக்கிறேன். "உங்களுக்குத் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டுமா, கிட்டவா?" என்று டாக்டர் கேட்டார். காப்பியா, டீயா என்று கேட்டதுபோல நினைத்துக்கொண்டு, "தூரம்" என்று சொல்லிவிட்டேன்.

புரை உரித்தால் கண்ணுக்குள் இருக்கும் பழைய வில்லை போய்விடும். இளமையில் அது தூரத்துக்கும் கிட்டவுக்கும் தானே மாறிக்கொள்ளும். புதிதாக வைக்கும் சாதாரண வில்லை அப்படி மாறாது. ஆகவே எந்தத் தூரத்துக்கு என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

கண்புரைக்கு ரண சிகிச்சை செய்யும் வித்தை மிகப் பழையது. சுசுருதர் பெயரால் வழங்கும் நூலிலேயே அது வருகிறது. ஆனால் நோயாளியிடம் இந்தக் கேள்வி வந்து நூறு வருஷம்கூட ஆகவில்லை. பழைய வைத்தியர் ஒரு கூரிய சலாகையால் மங்கிய வில்லையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடுவார். வெளிச்சம் வரும், ஆளின் உருவம் தெரியும். அதுவே பெரும் பாக்கியம். நம் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக் காலம் 1798–1832) தன்வந்திரி மகால் என்று ஒரு வைத்தியசாலை நடத்தினார். அங்கே கண் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய குறிப்புகளும் கண்களின் வர்ணச் சித்திரங்களும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. ராஜா எத்தனை கருணையுள்ளவராக இருந்தாலும், "தூரமா, கிட்டவா?" என்று கேட்டிருக்க முடியாது. கொடுப்பதற்குக் கையில் வில்லை ஏது?

பிரான்சில் தாவியேல் என்பவர் 1747-இல் வில்லையை வெளியிலேயே எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகும் மிச்சம், சோடா புட்டிக் கண்ணாடிதான். என் பாட்டி போட்டிருந்தாள். பத்து டயாப்டர் கனம். எதையும் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். பக்கத்தில் வருகிறவன் திடீரென்று மறைந்து திடீரென்று முளைப்பான். மாடிப்படி இறங்குவதற்குள் பாட்டி எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுவிடுவாள்.

உள்ளேயே ஒரு வில்லையை வைத்தால் என்ன என்று துணிந்தவர் ஹெரால்ட் ரிட்லி. யுத்த காலத்தில் விமானிகளின் கண்ணில் சிதறிய பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் கண்ணை அதிகம் உறுத்தாமல் கிடந்ததை அவர் கவனித்திருந்தார். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், 1949 நவம்பர் 29-ஆம் தேதி, 45 வயதுப் பெண்மணி ஒருத்திக்கு அந்தப் பொருளால் செய்த வில்லையைப் பொருத்தும் சிகிச்சையைத் தொடங்கினார். வில்லை நின்றது, கணக்குத்தான் உதைத்தது! இயற்கை வில்லையைப் பார்த்து வளைவு கொடுத்தார்கள்; பிளாஸ்டிக்கோ ஒளியை அதைவிட அதிகமாக வளைத்தது. பதினெட்டு டயாப்டருக்குக் குறையாத கிட்டப் பார்வை வந்து சேர்ந்தது. மூக்குக்கு இரண்டு அங்குலம் தள்ளியிருப்பதுதான் அந்த அம்மாளுக்கு வெறுங்கண்ணால் தெளிவு. பெரியவர்கள் பலர் ரிட்லியை ஏசினார்கள். கடைசிக் காலத்தில் அதே ஆஸ்பத்திரியில் தம் இரண்டு கண்களிலும் அவரே வில்லை வைத்துக்கொண்டார் என்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பிறகு அளக்கக் கற்றுக்கொண்டார்கள். கண்ணின் நீளத்தை ஒலி அலையால் அளந்து, கருவிழியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட, 1967-இல் சோவியத் டாக்டர் ஃபியோதரோவ் ஒரு சூத்திரம் வகுத்தார். 1980-இல் மூன்று அமெரிக்கர்கள் அதை எளிமையாக்கினார்கள். சராசரிக் கண்ணின் நீளம் இருபத்துமூன்றரை மில்லிமீட்டர். அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் இரண்டரை டயாப்டர் தவறும். மலைக்கும் மடியிலிருக்கும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதே இரண்டரைதான்!

வில்லை பல காலம் பணக்காரர் சமாசாரமாகவே இருந்தது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் வழியாக, 1992-இல் ஆரோலேப் தோன்றிற்று. வில்லை நம் ஊரிலேயே தயாராகி, விலை மளமளவென்று இறங்கிற்று. முகாமுக்கு வந்த ஏழையின் கண்ணிலும் வில்லை ஏறியது.

இதெல்லாம் மனத்தில் ஓட, கோயிலிலிருந்து திரும்புகையில் ஒரு திண்ணையில் தையல் மிஷினோடு இருந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபது வயது இருக்கும். இரவிக்கைக்குக் காஜா எடுப்பதும் கொக்கி வைப்பதும் தொழில்.

"எனக்கும் ஒரு கண்ணு ஆபரேசன் ஆயிடுச்சு சார். முகாம்ல, இலவசமா. மலை நல்லாத் தெரியுது. ஊசி கோக்கணும்னா மட்டும் பேத்தியைக் கூப்பிடணும்."

"தூரமா, கிட்டவான்னு உங்களைக் கேட்டாங்களாம்மா?"

"அப்படிக்கூட கேப்பாங்களா?" என்றாள்.

அவளுக்குப் பார்வை கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டும் தப்பாகச் சொன்னவன் நான். ஆனால் ஊசியால் பிழைக்கிறவளிடம் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவளுக்கு இன்னொரு கண் பாக்கி. எனக்கும் ஒன்று பாக்கி. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டவுக்கும் வைத்துக்கொள்ளும் வழி உண்டு என்று சொன்னேன். சிவனின் கண்ணைப் பொத்தி உலகை இருட்டாக்கிய உமையவள் பாதி உடம்பைப் பெற்ற ஊர் அல்லவா இது? அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, வித்தியாசம் அதிகமானால் சிலருக்குத் தலை கிறுகிறுக்கும், முதலில் கண்ணாடி போட்டுச் சோதித்துத்தான் டாக்டர் முடிவு செய்வார் என்றும் சொல்லி வைத்தேன். தூரம், கிட்ட இரண்டையும் காட்டும் விலையுயர்ந்த வில்லைகளும் இருக்கின்றன. அவை சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் காட்டும் என்றதும், "தீபத்தன்னிக்கு அது வேண்டாம் சார்" என்று தள்ளிவிட்டாள்.

கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். வழக்கம்போல ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்லி, கண்ணிலிருந்து ஊசி வரை அளந்தேன். பதினாறு அங்குலம்; மறுபுறம் திருப்பினால் நாற்பது சென்டிமீட்டர். "தையல் வேலை. 40 சென்டிமீட்டரில் தெளிவு வேண்டும்" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க எவ்வளவு தூரத்துல வச்சுப் படிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, டேப்பின் நுனியை என் நெற்றிக்கு நேரே பிடித்தாள்.