வெள்ளெழுத்தும் வலைக்கண்ணும்: தீவகத்திற் பார்வைக்குறை பற்றிய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

நோய்களுக்கு இடப்படும் பெயர்கள் நோயை மட்டுமன்றி, பெயரிட்டோரின் சமூக இருப்பையும் சுட்டுவன. நாற்பது வயதளவில் அண்மைப் பார்வை மங்குவதை நாம் வெள்ளெழுத்து என்கிறோம். எழுத்து வெளிறித் தோன்றுவது எழுத்தைப் படிப்பவனுக்கே. மற்றொரு வழக்காகிய சாளேசரம், நாற்பதைக் குறிக்கும் வடநாட்டு எண்ணுப்பெயரோடு தொடர்புடையது. மராத்தியரும் இதனைச் ‘சாளிசி’ என்பர். பின்னையது வயதைச் சொல்கிறது. முன்னையது வர்க்கத்தைச் சொல்கிறது.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய தீவகப் பகுதிகளின் உழைப்பை நோக்குமிடத்து இவ்வேறுபாடு தெளிவாகும். கண்ணைக் கிட்ட வைத்துச் செய்யும் வேலை அங்கு ஏட்டோடு நின்றதில்லை. வலை பின்னுவதும், அறுந்த இடங்களைப் பொத்துவதும், பனையோலையை வார்ந்து பாயும் பெட்டியும் கடகமும் இழைப்பதும் கூரிய அண்மைப் பார்வையை வேண்டுவன. நூல்கொண்டு கையால் வலை பின்னிய காலம், 1950களின் பின் நைலோன் வலை பரவியதோடு படிப்படியாகக் கழிந்தது. ஆயின் கிழிந்த வலையைப் பொத்துவது இன்றும் கைவேலையே. (வலையின் துவாரத்தைக் ‘கண்’ என வழங்குவது இங்கு நினைவிற்கு வருகிறது.) கடற்றொழிலாளிக்கு நூல் மங்கியபோது ஊசி இளையவர் கைக்கு மாறியது. பன்னவேலை செய்த பெண்ணின் நிலையும் அதுவே. அதனை மூப்பென்று கொண்டனரேயன்றித் திருத்தக்கூடிய குறையென்று கொள்ளவில்லை.

குறையின் இயல்போ எளிது. கண்ணின் உள்வில்லை இளமையில் நெகிழ்ந்து, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஏற்பத் தன் வளைவை மாற்றுகிறது. வயதேற அது இறுகுகிறது. குவிவில்லை அவ்விழப்பை ஈடுசெய்கிறது. இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அத்தகைய மூக்குக்கண்ணாடி தோன்றிவிட்டது. தூரத்தைக் காணவியலாத கிட்டப்பார்வைக்குக் குழிவில்லை 15ஆம் நூற்றாண்டிலும், கருவிழி வளைவின் ஒழுங்கின்மைக்கு உருளை வில்லை 1825இலும் வந்தன. தென்னிந்தியாவிலே, 1520 அளவில் விசயநகரத்து வியாசராயர் கண்ணாடி கொண்டு ஏடு படித்தமையைப் பி. கே. கோடே எடுத்துக்காட்டியுள்ளார். இங்கும் கண்ணாடி முதலிற் சென்றது படிப்பவரிடமே என்பது மனங்கொளத்தக்கது.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணிபுரிந்த அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. மதப்பரப்பலும் அவர் நோக்கமாயிருந்தது. எனினும் உடற்கூற்றறிவைத் தமிழ்ப்படுத்திய அவரது பணியை முற்போக்காளர் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும் அறிவு தமிழில் வந்தமையால் மட்டும் கண்ணாடி வலை பொத்துபவரின் மூக்கில் ஏறிவிடவில்லை. ஆசிரியர், எழுதுவினைஞர், நொத்தாரிசு, கோயிலிற் புராணபடனம் செய்தவர் ஆகியோரின் அடையாளமாகவே அது நெடுங்காலம் நிலைத்தது. கூலியுழைப்புக்கும் கண்ணாடி ஓர் உற்பத்திக் கருவி என்ற எண்ணம் மிகப் பிந்தியது.

அதற்கான சான்றும் அண்மையில் அசாமிலிருந்து கிடைத்தது. நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய 751 தேயிலைத் தொழிலாளரிடம் நடத்தப்பெற்று 2018இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்றோர் பறித்த கொழுந்தின் அளவு, பெறாதோரினதைவிட 21.7 வீதம் கூடுதலாக உயர்ந்தது. இவ்வெண்ணை உற்பத்தித்திறனின் வெற்றியெனப் போற்றுவோர், மேலதிகக் கொழுந்தின் பயன் யாரைச் சேர்ந்தது என்று வினவுவதில்லை. அது மலையகத்தையும் அறிந்த நாம் வினவவேண்டிய வினா. தீவகத்து நிலையோ வேறு. தன் வலையைத் தானே பொத்துபவருக்குக் கிடைக்கும் கண்ணாடி, அவருடைய நாளையே மீட்டுத் தருகிறது.

கடலின் ஒளித்தெறிப்பாலும் உப்புக்காற்றாலும் வெண்விழியிலிருந்து கருவிழி மீது வளரும் சதைக்கும், முதுமையிற் படரும் வெண்படலத்துக்கும் கண்ணாடி போதாது, சத்திரசிகிச்சை வேண்டும். படலத்தை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தும் முறையை 1949இல் இலண்டனில் ஹரல்ட் றிட்லி தொடக்கினார். மதுரை அரவிந்த் நிறுவனத்தார் 1992 முதல் அவ்வில்லையை மலிவாக உற்பத்தி செய்தனர். எனவே, பொருளின் விலை குறைந்துவிட்டது, குறையாதது தூரம். நெடுந்தீவிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணத்திற் கண் காட்டவேண்டுமாயின், படகேறிக் குறிகட்டுவானை அடைந்து, புங்குடுதீவு, வேலணை வழியாகப் பேருந்திற் செல்லவேண்டும். கண்ணாடியின் விலையோடு அன்றைய தொழில் இழப்பையும் சேர்த்தே அவர் கணக்கிடுகிறார்.