கலப்பில் பிறந்த ஜீப்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பை மீட்டெடுக்க இறங்குகிறவர்கள் முதலில் குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ் நிறுவனம் செய்த வண்டி. கவிழ்த்துப் போட்ட 'ப' போல இருந்தால் ஃபோர்டு. அடுத்தது போல்ட் வேட்டை. ஃபோர்டு நிறுவனம் போல்ட் தலையில்கூட 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்து அனுப்பியது. ஃபோர்டு ஜீப்பில் எல்லா போல்ட்டும் எஃப் போல்ட்டாகவே இருக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் பழைய இரும்புக் கடைகளைச் சல்லடை போடுகிறவர்கள் உண்டு.

ஆனால் அந்த வண்டி பிறந்த கதையில் தூய்மை என்ற பேச்சுக்கே இடமில்லை.

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே, இலகுவான ராணுவ வண்டி ஒன்றைச் செய்து தரச் சொல்லி அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. நான்கு சக்கரங்களும் இழுக்க வேண்டும். எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோவுக்குள், அடங்க வேண்டும். 49 நாளில் முதல் வண்டி வந்து நிற்க வேண்டும். அழைப்பை ஏற்றவை இரண்டே நிறுவனங்கள்: வில்லிஸ் ஓவர்லாண்ட், அமெரிக்கன் பான்டம். பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த பான்டம், சிறிய கார்கள் செய்து நொடித்துப்போகும் நிலையில் இருந்த கம்பெனி. வரைபடம் போட அங்கே ஆள்கூட இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வரவழைத்தார்கள். இரண்டே நாளில் அவர் வடிவமைப்பை முடித்துவிட்டார்.

அந்த வேகத்துக்குக் காரணம், எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க அவர் முயலாததுதான். அச்சு வார்க்க நேரமில்லாததால், சந்தையில் கிடைத்ததையே சேர்த்தார். என்ஜின் கான்டினென்டல் நிறுவனத்துடையது. கியர் பாக்ஸ் வார்னருடையது. ஸ்டூடிபேக்கர் காருக்குச் செய்த ஆக்சிலை ஸ்பைசர் நிறுவனம் மாற்றிக் கொடுத்தது. செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடிய அரைமணி நேரம் இருக்கும்போது, மேரிலாந்தின் ஹோலாபேர்ட் முகாமுக்குள் அந்த வண்டி ஓடி வந்து நின்றது. எடை வரம்பை வெகுவாகத் தாண்டியிருந்தது. ஆனால் வண்டி ஓடிய ஓட்டத்தைப் பார்த்த ராணுவம் வரம்பைத்தான் தளர்த்தியது.

பிறகு நடந்தது பான்டமுக்கு வயிற்றெரிச்சல். வரைபடங்கள் தன் சொத்து என்று சொல்லி, ராணுவம் அவற்றை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. வில்லிஸின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் 60 குதிரைத்திறன் கொண்ட 'கோ டெவில்' என்ஜினை வைத்திருந்தார். பலம் இருந்தது, எடையும் இருந்தது. போல்ட்டின் நீளத்தைக் குறைத்து, பெயின்ட்டை ஒரு பூச்சோடு நிறுத்தி, புதிய வரம்புக்குள் வண்டியை நுழைத்தார். தட்டையான பானெட்டும், விளக்குகளைக் கிரில்லுக்குப் பின்னால் ஒதுக்கும் யோசனையும் ஃபோர்டுடையவை. மொத்த உருவம் பான்டமுடையது. 1941 ஜூலையில் 16,000 வண்டிக்கான ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. ஒரு ஆலை போதாது என்று ஃபோர்டையும் அதே வடிவத்தைச் செய்யச் சொன்னார்கள். போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்தன. பான்டமுக்குக் கிடைத்தது ஜீப்பின் பின்னால் இழுக்கும் டிரெய்லர் செய்யும் வேலை.

இரண்டு ஆலைகளுக்கும் ராணுவம் வைத்த முக்கிய நிபந்தனை, ஒன்றின் உறுப்பு மற்றதில் பொருந்த வேண்டும் என்பது. போர்முனைப் பட்டறையில் உடைந்த வில்லிஸுக்கு ஃபோர்டின் ஆக்சிலை மாட்டி அனுப்பினார்கள். போல்ட் தலையில் என்ன எழுத்து என்று யாரும் பார்க்கவில்லை. 1944-இலிருந்து இரு ஆலைகளுக்கும் இந்தியானாவின் கானர்ஸ்வில்லில் இருந்து ஒரே பாடிதான் வந்தது. போருக்குப் பின் பிரெஞ்சு ராணுவம் பாரிஸுக்கு அருகே லா மால்தூர்னே பட்டறையில் ஜீப்புகளைக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து, மறுபடி பூட்டியது. பிறகு ஹாட்ச்கிஸ் நிறுவனம் அதே வடிவத்தை உரிமம் பெற்றுச் செய்தது. பிரெஞ்சு ராணுவத்தின் உபரிக் கிடங்குகள் ஐரோப்பிய ஆர்வலர்களுக்குப் பின்னாளில் பெரிய ஸ்பேர் கடையாகவே ஆகிவிட்டன. அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்பை நீட்டி ஜீப்னி என்ற பயணிகள் வண்டி ஆக்கிய பிலிப்பைன்ஸில், இன்று புத்தம்புதிய போர்க்கால பாடியையே தகடு அடித்து விற்கிறார்கள். நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் உருட்டிய ஜீப்புகளும் வில்லிஸ் கொடிவழிதான்.

எண்பது வயதான ராணுவ வண்டியை மீட்பதில் பெரும்பாலும் முதல் முட்டுக்கட்டை ஸ்பேர் பார்ட்ஸ்தான். ஜீப்புக்கு அந்தக் கஷ்டம் குறைவு. 1944-இல் வந்த 'டி.எம். 9-803' என்ற ராணுவக் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு, எந்த மசகு எண்ணெய் எங்கே, எத்தனை மைலுக்கு ஒருமுறை என்று இன்றும் அதன்படியே பராமரிக்கலாம். அவசரத்தில் மூன்று கம்பெனிகளின் மூளையையும் பல கம்பெனிகளின் உறுப்புகளையும் சேர்த்துக் கட்டியதும், எதுவும் எதிலும் பொருந்த வேண்டும் என்று ராணுவம் பிடித்த பிடிவாதமும்தான் அதைச் சாகவிடாமல் வைத்திருக்கின்றன.

எஃப் போல்ட் தேடுகிறவர்கள் தேடட்டும். ஆலை வாசலைத் தாண்டிய நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதை அவர்கள் காப்பாற்றுகிறார்கள். ஆனால் ஃபோர்டு சேசிஸில் வில்லிஸ் என்ஜின் உட்கார்ந்திருக்கும் ஜீப்பைப் போலி என்று ஒதுக்கினால், போர்க்களத்தில் உண்மையாக ஓடிய வண்டிகளில் எத்தனையோ அந்தக் கணக்கில் போலியாகிவிடும்.