திருத்த அடையாளம் (மென்பொருள் உருவாக்கம்)

திருத்த அடையாளம் என்பது, மூலநிரலில் நிகழும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து காக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை, பதிவுசெய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வழங்கும் தனிக்குறியாகும். மூலநிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும் கட்டளைகளின் தொகுப்பான கட்டமைப்பு நிரல், இக்குறியைத் தானாகவே படித்து மென்பொருளுக்குள் பொதித்துவிடுவதால், பயனர் பிழையொன்றை அறிவிக்கும்போது, அவரிடமுள்ள படி எந்த மூலநிரலிலிருந்து உருவானது என்பதை உருவாக்குநர் ஐயமின்றி அறிய முடிகிறது.

2000இல் தொடங்கப்பட்ட சப்வெர்ஷன் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை, மூலநிரலும் அதன் மாற்றங்களும் சேமிக்கப்படும் களஞ்சியம் முழுமைக்கும் பொதுவான ஏறுவரிசை எண்களை வழங்குகிறது. பணிக்கோப்புகளில் பதியப்படாத மாற்றம் இருப்பின், அதன் ‘எஸ்விஎன்வெர்ஷன்’ கருவி எண்ணின் இறுதியில் ‘எம்’ என்னும் எழுத்தைச் சேர்க்கிறது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் முறைமையில் களஞ்சியங்கள் பல கணினிகளில் பரவியிருப்பதால், பொதுவான வரிசை எண்ணுக்கு மாற்றாக, உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் குறி பயன்படுகிறது. வழக்கமாக அது 40 பதினறும இலக்கங்கள் கொண்டது. அதன் ‘டிஸ்கிரைப்’ கட்டளை, அண்மை வெளியீட்டின் பெயர், அதன்பின் நிகழ்ந்த பதிவுகளின் எண்ணிக்கை, சுருக்கிய குறி ஆகியவற்றை இணைத்து, மனிதர் படித்தறியத்தக்க வடிவில் தருகிறது.

களஞ்சியமின்றி மூலநிரல் மட்டும் வழங்கப்படுமிடத்து இக்கட்டளைகள் பயன்படா. ஆதலின் வெளியீட்டின்போதே அடையாளத்தைத் தனிக்கோப்பில் எழுதிவைத்தல் இன்றியமையாதது. அடையாளத்தோடு நேரத்தையும் குறிக்க விரும்பி, மென்பொருளைத் தொகுத்த நேரத்தைப் பொதித்தால் ஒரே மூலநிரலும் ஒவ்வொரு முறையும் வேறுபட்ட கோப்பைத் தருமாகையால், மாற்றம் பதியப்பட்ட நேரத்தைப் பொதிப்பதே சிறந்த முறையாகும்.