அலாஸ்கா நெடுஞ்சாலை: போருக்குப் பிறந்த பாதை

கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் முடியும் அலாஸ்கா நெடுஞ்சாலை, இரண்டாம் உலகப் போரின்போது உருவானது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும், அலாஸ்காவுக்குத் தரைவழி இல்லாதது அமெரிக்காவை அச்சுறுத்தியது. 1942 மார்ச்சில் பணி தொடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் எட்டே மாதங்களில் சுமார் 2,700 கி.மீ. பாதை அமைத்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். அவர்களின் உழைப்புக்கு நெடுங்காலம் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை.

மழையும் மண்ணுமே பெரும் தடைகள். கோடை மழையில் ஆறுகள் பெருகித் தற்காலிகப் பாலங்களை அடித்துச் சென்றன. மேற்பரப்புப் பாசியை அகற்றியதும் அடியிலிருந்த உறைமண் உருகிச் சேறானது, லாரிகள் புதைந்தன. பிறகு பாசியை அகற்றாமல், மரத்தடிகளை நெருக்கமாக அடுக்கி அவற்றின்மேல் சாலை போட்டனர். சாலைப் பணிக்கு வந்த வெளியாட்களோடு பரவிய தட்டம்மை முதலிய நோய்கள் கனடாவின் யூக்கான் பகுதிப் பழங்குடியினரைக் கடுமையாகத் தாக்கின.

1946 ஏப்ரலில் கனடாப் பகுதி அந்நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. 1948இல் பொதுமக்களுக்குச் சாலை திறக்கப்பட்டது. 1949இல் இச்சாலைப் பயணிகளுக்கான ‘தி மைல்போஸ்ட்’ வழிகாட்டி நூல் வெளிவந்தது. டிரெய்லர் வீடுகளை இழுத்துச் செல்லும் குடும்பங்கள் சரளைக்கல்லையும் சேற்றையும் தாண்டி வடக்கே பயணித்தன. வளைவுகள் நேராக்கப்பட்டதால் நீளம் இன்று சுமார் 2,200 கி.மீ.யாகக் குறைந்துள்ளது.