சம்பளத்தில் பிடித்த காசு

போன ஆடியில் ஒரு ராத்திரி, சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, என் மனைவி வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்துவிட்டாள். மகன் காரை எடுத்தான். கோவையில் எங்கள் கணபதியிலிருந்து பத்து நிமிஷத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஊசி போட்டார்கள், வலி அடங்கியது. ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்று தெரிந்தது. "ஆபரேசன் பண்ணிரலாமுங்க, மொதல்ல நாப்பதாயிரம் கட்டிருங்க" என்றார் கவுண்டரில் இருந்த பெண். விடியும்வரை படுத்திருந்ததற்கு மட்டும் பில் 11,400 ரூபாய்.

மகன் கட்டத் தயாராகத்தான் இருந்தான். "அப்பா, இங்கயே பாத்துக்கலாம். அம்மாவ வரிசையில நிக்க வெக்க வேண்டாம்" என்றான். கட்டிலில் படுத்தபடியே அவள்தான் கேட்டாள்: "ஏனுங்க, இத்தன வருசமா உங்க சம்பளத்துல புடிச்சாங்களே, அந்தக் காசெல்லாம் எங்கீங்க போச்சு?"

நான் கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனியில் 34 வருஷம் லேத் ஓட்டியவன். சம்பளக் கவரைப் பிரித்தால் 'ஈ.எஸ்.ஐ. பிடித்தம்' என்று ஒரு வரி மாதா மாதம் இருக்கும். அதை நின்று படித்ததில்லை. அவள் கேட்ட பிறகுதான் அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தேன்.

அம்மா காலத்தில் எங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் திருச்சி ரோட்டில் இருக்கும் பெரியாஸ்பத்திரிதான். 1909இல் வந்தது. பிளேக் இந்த ஊரைத் திரும்பத் திரும்பச் சூறையாடிய காலம் அது. பிளேக் மாரியம்மன் என்றே சாமிக்குப் பெயர் வைத்துக் கும்பிட்ட ஊர் இது. இன்றைக்கும் விபத்து என்றாலும் பாம்புக்கடி என்றாலும் முதலில் ஓடுவது அங்கேதான். 1966இல் கோவை மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு அதுவே கல்லூரி ஆஸ்பத்திரியும் ஆனது.

ஆனால் இந்த ஊரை ஆக்கியது பஞ்சாலை. 1888இல் ஸ்டேன்ஸ் மில்லில் ஆரம்பித்து, பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்லுக்குப் பின்னால் மில் எழும்பியது. பஞ்சுத் தூசியும் ராத்திரி ஷிஃப்டும் ஆளை உருக்கின. போராடிய சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நான்கு பேர் 1946இல் கோவைச் சிறையில் தூக்கில் ஏற்றப்பட்டார்கள். அப்படிப் போராடிய ஊரில், வியாதி வந்தால் மட்டும் தொழிலாளி முதலாளியின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. நல்ல முதலாளியாக இருந்தால் வைத்தியம் நடக்கும்.

1944இல் பேராசிரியர் அதார்கர் தொழிலாளர் காப்பீட்டுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதுதான் 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டமானது. 1952 பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதே 1952இல்தான் இங்கே பாப்பநாயக்கன்பாளையத்தில், லட்சுமி மில்ஸ் நிறுவனர் குப்புசாமி நாயுடுவின் நினைவாக ஆஸ்பத்திரி வந்தது. மூன்று வருஷம் கழித்து, 1955 ஜனவரியில், ஈ.எஸ்.ஐ. தமிழ்நாட்டுக்குள் முதலில் கால் வைத்ததும் கோயமுத்தூரில்தான். சென்னைக்கே பிறகுதான் போனது. மில் குடும்பத்தார் மனசு வைத்துக் கட்டிக்கொடுத்தது ஒன்று. தொழிலாளி தன் கூலியில் ஒரு பங்கும் முதலாளி தன் பங்குமாகக் கட்டி, கேட்டு வாங்கும் உரிமையாக வந்தது இன்னொன்று. இரண்டுக்கும் ஊற்று இந்த ஊர்ப் பஞ்சுதான். இருந்தாலும் இரண்டாவதை நாம் 'இனாம் ஆஸ்பத்திரி' என்று சொல்லிச் சொல்லியே மட்டமாக்கிவிட்டோம். எனக்கு இதில் மெய்யாகவே வருத்தம் உண்டு.

அப்பா மில்லில் ஸ்பின்னிங் மெஷின் பார்க்கும் சைடர். முதல் வருஷமே அவருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை கிடைத்துவிட்டது. ஆனால் தொடக்கத்தில் வைத்தியம் தொழிலாளிக்கு மட்டும்தான், வீட்டாருக்கு இல்லை. 1956இல் அம்மா காய்ச்சலில் விழுந்தபோது, அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே அப்பா அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனாராம். குடும்பத்துக்கும் வைத்தியம் என்று ஆனது பின்னால்தான்.

அதற்குப் பிறகு கோவையில் ஆஸ்பத்திரிகள் பெருகின. 1974இல் கே.ஜி., 1975இல் ராமகிருஷ்ணா, 1978இல் கங்கா, 1990இல் கே.எம்.சி.எச். என்று அவிநாசி ரோட்டையும் மேட்டுப்பாளையம் ரோட்டையும் சுற்றி வளர்ந்தன. பாலக்காட்டிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். அங்கிருக்கும் டாக்டர்களின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பட்டறையில் பவர் பிரஸ்ஸில் விரல் மாட்டினால் எங்கள் ஆட்கள் வாயில் முதலில் வரும் பெயர் கங்கா. மயக்க மருந்து டாக்டரான சண்முகநாதன் தொடங்கியது. நசுங்கிப்போன எத்தனையோ கைகளைத் திரும்ப வேலைக்கு அனுப்பியது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு அரசாங்கப் பணத்திலேயே தனியாரில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. அரசா, தனியாரா என்ற கோடு அங்கேயே பாதி அழிந்துபோனது.

எங்கள் கதைக்கு வருகிறேன். 2016இல் நான் ஓய்வு பெறும்போது சம்பளம் 14,000. என் பங்கு 1.75 சதவீதம், அதாவது 245 ரூபாய். கம்பெனி பங்கு 4.75 சதவீதம், 665 ரூபாய். இப்போது அதை 0.75 என்றும் 3.25 என்றும் குறைத்துவிட்டார்கள். சம்பளம் 21,000ஐத் தாண்டினால் திட்டத்திலிருந்து வெளியே. என் மகன் தாண்டியவன். நாலு எழுத்துப் படித்து, நியாயம் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் இப்படி வெளியே போய்விட்டால், உள்ளே இருப்பவனுக்காகக் குரல் கொடுக்க யார் மிஞ்சுவார்கள்?

ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயது வரை வேலை பார்த்தவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால், அவருக்கும் அவர் துணைக்கும் வைத்தியம் தொடரும். பிள்ளைகளுக்கு இல்லை. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கு மட்டும். நான் கட்டிக்கொண்டுதான் வந்தேன், ஆனால் அந்த ராத்திரி பதற்றத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. அவளுக்கு வந்தது.

அவளை ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டாக்டர் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. இப்போது பழைய ஈ.எஸ்.ஐ. இல்லை, 2016இலிருந்து அது மருத்துவக் கல்லூரி. 2020இல் கொரோனா வந்தபோது கோவைக்கும் திருப்பூருக்கும் அதுதான் அடைக்கலம். ரத்தம், ஈ.சி.ஜி., மயக்க டாக்டர் பார்த்துக் கையெழுத்து என்று பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் எண்ணெய் இல்லாத சமையல் செய்தேன். மகன் தினமும் போனில் "இன்னும் தேதி குடுக்கலீங்களாப்பா?" என்பான். காத்திருப்பது சுலபம் என்று சொல்ல மாட்டேன். வலி திரும்ப வந்தால் என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஒரு நர்ஸம்மா சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கல்லைக் கொண்டுவந்து காட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கல், காய்ந்த தட்டைப்பயிறு நிறம், ஓரம் மழுங்கல். 34 வருஷம் அளந்த கண். வெர்னியர் இல்லாமலே தெரிந்தது, ஒன்று ஆறு மில்லி, இன்னொன்று ஒன்பது. பக்கத்துக் கட்டிலில் திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண் ஒருத்தி தன் அம்மாவைச் சேர்த்திருந்தாள். அவளும் டப்பாவை வாங்கிப் பார்த்து, "இத்தனூண்டா அக்கா உங்களப் படுத்துச்சு?" என்றாள்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். "எவ்வளவுங்க ஆச்சு?" என்றாள். பஸ்ஸும் ஆட்டோவும் இளநீரும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புடிச்ச காசு வந்து சேந்துருச்சுங்க" என்றாள்.

அடுத்த வருஷத்துக்கான 120 ரூபாயைக் கட்டப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ரசீதைப் பத்திரமாக வைக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் அப்பாவின் பழைய அட்டை இருந்தது. அவர் பெயர் நீல மையில். அதற்குக் கீழே, வேறு யாரோ கையெழுத்தில், பின்னாளில் கறுப்பு மையில் சேர்த்திருந்தார்கள் அம்மாவின் பெயரை.